டேக்அவே கறியைப் போலி என்று சொல்வதை நிறுத்துங்கள்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் மாதத்திலேயே பார்சல் சாப்பாட்டுக் கடையைத் தேடிக் கேட்கிற கேள்வி, "பக்கத்துல நல்ல இந்தியன் டேக்அவே எது?" உடனே பழைய ஆட்கள் நாலு பேர் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள்: "எல்லாம் பங்களாதேஷ்காரங்க கடை, ஒரிஜினல் கிடையாது, காசைக் கரியாக்காம வீட்லயே செஞ்சுக்கோங்க." இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். வீட்டுச் சமையலுக்கு நான் எதிரி இல்லை. வாரத்தில் பெரும்பாலான நாள் எங்கள் வீட்டு அடுப்பில்தான் குழம்பு கொதிக்கிறது. ஆனால் டேக்அவே சாப்பாட்டைப் போலி என்று ஒதுக்குவது அந்தச் சமையல்காரர்களுக்குச் செய்கிற அநியாயம்.

லண்டனில் டூட்டிங், ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் இருப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவையில்லை. அவர்களுக்குத் தெருவுக்குத் தெரு தோசை இருக்கிறது, இலங்கைத் தமிழர் கடையில் கொத்து ரொட்டியும் நண்டுக்கறியும் கிடைக்கிறது. நான் சொல்வது நடு இங்கிலாந்தின் சிறிய ஊர்களில் வேலை கிடைத்து வந்து, மாலை ஐந்து மணிக்குக் கடைவீதி முழுக்க அடைத்துக் கிடப்பதைப் பார்த்துத் திகைத்து நிற்கும் ஆட்களுக்கு. அந்த வீதியிலும் ஒரு விளக்கு எரியும். பெரும்பாலும் அது இந்தியன் டேக்அவேயாகத்தான் இருக்கும்.

அந்த விளக்கை அங்கே ஏற்றியவர்கள் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது 1810-இல் லண்டனில் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ் திறந்தார், 1812-இல் திவாலாகிவிட்டார். ரீஜன்ட் தெருவில் வீராசாமி உணவகம் 1926-இல் வந்தது, அது வசதியானவர்கள் போகிற இடம். சாதாரணத் தெருமுனை வரைக்கும் கறியைக் கொண்டுவந்து சேர்த்தது இன்றைய பங்களாதேஷில் இருக்கும் சில்ஹெட் பகுதி ஆட்கள்தான். பிரிட்டிஷ் கப்பல்களின் அடித்தட்டில் உலைக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்கள், கரையிறங்கி இங்கேயே தங்கியவர்கள், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சின்னச் சின்ன காபிக் கடைகளையும் மீன் சிப்ஸ் கடைகளையும் வாங்கி நடத்தி, அதோடு சோறும் கறியும் விற்க ஆரம்பித்தவர்கள், பப் மூடிய பிறகும் கடையைத் திறந்து வைத்திருந்து குடித்துவிட்டு வருகிறவர்களின் வசவையும் வாங்கிக்கொண்டு பரிமாறியவர்கள். பங்களாதேஷ் என்ற நாடு உருவானதே 1971-இல்தான், அதற்கு முன்பே இந்தக் கடைகளில் பல இந்தியன் என்ற பலகையோடு ஓடிக்கொண்டிருந்தன. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? 2001-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்றே பேசினார். அந்தப் பெருமை அவர்கள் முதுகு ஒடிய உழைத்ததில் வந்தது.

சரி, சுவைக்கு வருவோம். "எல்லாத்துக்கும் ஒரே வெங்காய கிரேவிதான்" என்பார்கள். ஆமாம், அதுதான் அந்தச் சமையலின் அடிப்படையே. பெரிய அண்டாவில் மூட்டை வெங்காயத்தை இஞ்சி, பூண்டு, கொஞ்சம் கேரட், குடைமிளகாய், தக்காளி, மஞ்சள், எண்ணெய் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, மையாக அரைத்து வைத்துக்கொள்வார்கள். கோழியைத் தனியாக முக்கால்வாசி வேகவைத்து எடுத்து வைப்பார்கள். ஆர்டர் வந்ததும் அலுமினிய வாணலியில் எண்ணெய், பூண்டு விழுது, மசாலாத் தூள், தண்ணீரில் கரைத்த தக்காளி விழுது, அதன்மேல் கிரேவியைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, பெரிய தீயில் ஓரம் பிடிக்கவிட்டு, சுரண்டி, மறுபடி ஊற்றி, எண்ணெய் பிரிந்து மேலே வரும்போது இறக்குவார்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தில் தூள் கருகாமல், பச்சை வாடையும் இல்லாமல் எடுப்பதற்கு வருடக்கணக்கில் கை பழக வேண்டும். நம் ஊர் ராத்திரி பரோட்டா கடையில் ஒரே அண்டா சால்னாவை வைத்துக்கொண்டு கல்லில் ஆளுக்கொன்று செய்து தருகிறாரே மாஸ்டர், அவரை யாராவது போலி என்று சொல்வோமா? தேடிப்போய் வரிசையில் நின்று சாப்பிடுகிறோம். இவர்களுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

இதனால்தான் டேக்அவே கறியை வீட்டில் நகலெடுக்காதீர்கள் என்கிறேன். தந்தூர் அடுப்பு 400 டிகிரியைத் தாண்டும், வீட்டு ஓவன் 250-க்கு மேல் போவதே அபூர்வம். இண்டக்‌ஷன் அடுப்பில் அந்தத் தீ வராது, மீறி முயன்றால் புகை அலாரம்தான் அடிக்கும். பாட்டிலில் அடைத்த டிக்கா மசாலா சாஸை வாங்கி ஊற்றினால் இனிப்புப் பண்டம் மாதிரி ஒன்று வரும், அது டேக்அவேயும் இல்லை, வீட்டுச் சாப்பாடும் இல்லை. இந்தச் சாஸ் பாட்டில்களை வாங்குவதுதான் உண்மையில் காசைக் கரியாக்குவது.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த வழி, முதல் தடவை போகும்போது டிக்கா மசாலாவை விட்டுவிட்டு தட்கா தால் வாங்குவது. பருப்பில் எதையும் மறைக்க முடியாது. மேலே விழுந்திருக்கும் பூண்டு அன்று தாளித்ததா, காலையிலிருந்து ஊறியதா என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு வெவ்வேறு கறி வாங்குங்கள், ஒரு ரோகன் ஜோஷ், ஒரு தன்சாக் என்று. இரண்டும் நிறத்தில் மட்டும் மாறி நாக்கில் ஒன்றாகவே இருந்தால், அங்கே வாணலி வேலை ஒழுங்காக நடக்கவில்லை என்று பொருள், அந்தக் கடையை விட்டுவிடலாம். மெட்ராஸ் என்று மெனுவில் பார்த்து நம் ஊர் ருசியை எதிர்பார்த்து வாங்காதீர்கள். இங்கே அது காரத்தின் அளவு, கொர்மாவுக்கு மேலே விண்டலூவுக்குக் கீழே. சுகாதார மதிப்பெண்ணையும் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை கொடுப்பார்கள், வேல்ஸில் அதை வாசலில் ஒட்டியே ஆக வேண்டும், இங்கிலாந்தில் கட்டாயம் இல்லை என்பதால் உணவுத் தர முகமையின் தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். நான் ரொட்டியை மட்டும் தயவுசெய்து நேரில் போய் வாங்குங்கள், வண்டியில் இருபது நிமிடம் ஃபாயிலுக்குள் புழுங்கி வந்த நானை வைத்து ஒரு கடையை எடை போடக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், பேச்சுக் கொடுங்கள். கல்லாவில் நிற்பவரிடம், "பாய், நீங்க உள்ள சாப்பிடுறது எனக்கும் கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டாஃப் கறி என்பார்கள். எலும்போடு வெந்த ஆட்டுக்கறி, க்ரீம் கிடையாது, சர்க்கரை கிடையாது, பச்சை மிளகாய் கீறிப்போட்டது. சில கடைகளில் ஷாத்கொரா என்ற சில்ஹெட் நாரத்தை வகையின் தோலைப் போட்டுச் சமைப்பார்கள், கசப்பும் புளிப்புமாக ஒரு வாசனை வரும், அதற்கு ஈடாக நான் எதையும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் கருவாடு என்றால் உயிர், ஷுட்கி என்பார்கள். அந்தக் கருவாட்டுப் பேச்சை எடுத்தால் போதும், அவர் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள். மெனுவில் இல்லாதது இப்படித்தான் கிடைக்கும்.

வீட்டில் என்ன சமைப்பது என்றால், எந்தக் கடையும் தராததைச் சமையுங்கள். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் மேக்கரல் மலிவு, நம் கானாங்கெளுத்தியின் நெருங்கிய சொந்தம். புளியும் நல்லெண்ணெயும் இருந்தால் அதில் வைக்கிற மீன் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். வத்தக்குழம்பு, மிளகு ரசம், கீரைக் கடைசல் எதுவும் இந்தச் சிறிய ஊர்களில் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. கறிவேப்பிலை கிடைக்கிற அன்றைக்கு நிறைய வாங்கி ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். ஆட்டுக்கறிக்கு ஹலால் கடைக்குப் போய் எலும்போடு வெட்டித் தரச் சொல்லுங்கள், பாக்கெட்டில் வரும் எலும்பில்லாத துண்டுகளில் குழம்புக்குச் சாரம் இறங்காது. ஆங்கிலேய நண்பர்கள் ரெசிபி கேட்டால் நான் பட்டர் சிக்கன் சொல்வதில்லை, முட்டைக் குழம்போ மிளகுக் கோழியோதான் சொல்கிறேன், கூடவே வெங்காயம் ஐந்து நிமிடத்தில் பொன்னிறமாகும் என்று எழுதியிருக்கும் எந்தக் குறிப்பையும் நம்பாதீர்கள், இருபது நிமிடம் அடுப்பருகே நில்லுங்கள் என்றும் அழுத்திச் சொல்கிறேன்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கறி பத்து பவுண்டா என்று மலைக்கிறோம். வீட்டுக்கு வாங்கும் அரிசி, பருப்பு, காய்கறி, இறைச்சிக்கு இங்கே விற்பனை வரி பூஜ்யம். சூடாகக் கட்டித் தரும் சாப்பாட்டுக்கு 20 சதவீதம். கோவிட் காலத்தில் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், அப்புறம் 12.5 ஆக்கி, 2022 ஏப்ரலில் பழைய 20-க்கே கொண்டுபோய்விட்டார்கள். அதே வருடம்தான் எண்ணெய் விலையும் எரிவாயு விலையும் ஏறியது. இதற்கு மேல் டெலிவரி ஆப்கள் 30 சதவீதம் வரை கமிஷன் எடுக்கின்றன. மிச்சத்தில் கடைக்காரர் வாடகை கட்டி, சம்பளம் கொடுத்து, சமையலுக்கு ஆள் தேட வேண்டும். ஊரிலிருந்து சமையல்காரரை வரவழைக்க விசா விதிகள் விடுவதில்லை, இங்கே படித்து வளர்ந்த பிள்ளைகள் கணக்காளராகவும் மருத்துவராகவும் போய்விட்டார்கள். கடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது இதனால்தான். அதனால் ஆப்பில் பார்த்துவிட்டு, கடைக்கு நேரடியாக போன் போட்டு ஆர்டர் கொடுங்கள், நடந்து போய் வாங்கி வாருங்கள். அந்தக் கமிஷன் அந்த மனிதரிடமே இருக்கட்டும்.

உங்கள் ஊரில் நல்ல கடை இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். "சூப்பரா இருக்கும்" என்று மட்டும் போடாமல், எந்த ஊர், எந்தத் தெரு, தால் எப்படி இருந்தது, நான் ரொட்டி எப்படி இருந்தது, ஸ்டாஃப் கறி கேட்டால் கொடுத்தார்களா என்று எழுதுங்கள். அடுத்த மாதம் வந்து இறங்குகிறவர்களுக்கு அது உதவும்.