முகமெல்லாம் கிரில்

இன்றைய சொகுசு எஸ்யூவிகளின் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. எஞ்சினுக்குக் காற்றுப் போக முன்னால் ஒரு கிரில், அதாவது கம்பித் தடுப்பு, வேண்டும், சரி. பிஎம்டபிள்யூ எக்ஸ்7-இல் அது ஏன் முகம் முழுவதையும் விழுங்க வேண்டும்? போதாததற்கு 2022-இல் முகப்பு விளக்கையும் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். மேலே மெல்லிய கீற்று; வெளிச்சம் தரும் நிஜ விளக்கோ கீழே ஒரு கறுப்புப் பொந்தில். அதே பிஎம்டபிள்யூவின் ஐஎக்ஸ் மின்சார வண்டி, குளிர்விக்க எஞ்சினே கிடையாது. அதிலும் அதே கிரில், அடைத்துவைத்தபடி! கிரிலுக்குப் பின்னால் சென்சார்கள் இருக்கின்றனவாம். அதற்கு இத்தனை பெரிய வாசலா?

பின்பக்கம் போனால் இன்னொரு கூத்து. பல வண்டிகளில் பளபளக்கும் புகைக்குழாய் வாயைக் குனிந்து பாருங்கள்: துளையே இருக்காது, வெறும் பிளாஸ்டிக் அலங்காரம். அசல் குழாய் பம்பருக்கு அடியில், குற்றம் செய்ததுபோல் ஒளிந்திருக்கும்.

கூபே எஸ்யூவி என்றொரு சங்கதி வேறு. 2008-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 வந்ததிலிருந்து, உயரமான வண்டியின் கூரையைச் சரித்து, பின்சீட்டுக்காரர் தலையையும் டிக்கி இடத்தையும் காவு கொடுத்து, அதற்குக் கூடுதல் விலையும் கேட்கிறார்கள்.

1970-இல் வந்த ரேஞ்ச் ரோவரைப் பாருங்கள். நேர்கோடுகள், அகலமான கண்ணாடிகள், சேறானால் கழுவிவிடும் உட்புறம். யாரையும் முறைக்காத முகம். மெர்சிடிஸ் ஜி-கிளாஸும் 1979 முதல் பெட்டியாகவே இருந்து மானத்தைக் காப்பாற்றுகிறது. அதை வாங்குகிறவர்கள் காபி குடிக்கப் போவதற்குத்தான் ஓட்டுகிறார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.