பூண்டுக்குக் குளிர் பகையன்று

"வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றையும் உறைபனி முழுவதும் விலகிய பிறகே நட வேண்டும்; குளிர் பட்டால் அழுகிவிடும்" என்று சொல்லப்படுவது பூண்டைப் பொறுத்தவரை முற்றிலும் தவறு. பூண்டு பல்பல்லாகப் பிரிவதற்கே ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் குறைவான குளிரில் 6 முதல் 8 வாரங்கள் இருந்தாக வேண்டும் என்பதால், கடுங்குளிர்ப் பகுதிகளில் மண் உறைவதற்கு 3 முதல் 6 வாரங்களுக்கு முன்பே, இலையுதிர் காலத்தில், பல்லின் கூர்முனை மேலே இருக்கும்படி ஊன்றிவிடுவதே முறை. அப்படி ஊன்றிய பல்லைச் சில வாரம் கழித்துத் தோண்டிப் பார்த்தால், மேலே முளையே தெரியாத நிலையிலும் அடியில் வெள்ளை வேர்கள் கொத்தாக இறங்கியிருக்கும். வசந்தத்தின் பிற்பகுதியில் நட்டால் பல் பிரியாத ஒற்றை உருண்டைதான் பெரும்பாலும் கிடைக்கும். அதற்கு விதைப்பூண்டைக் குறை சொல்வது நியாயமாகாது.

அழுகலுக்குக் குளிரைவிடத் தேங்கும் நீரே பெரிய காரணம். ஆகவே களிமண் நிலத்தில் மேட்டுப்பாத்தி அவசியம். சின்ன வெங்காயத்தையும் மிதமான குளிர் உள்ள இடங்களில் இலையுதிர் காலத்திலேயே நடலாம்.

குளிரைப் பற்றிய எச்சரிக்கை ஓரளவு பொருந்துவது வெங்காயத்துக்கே. பென்சிலைவிடத் தடித்த நாற்று நீண்ட குளிரில் சிக்கினால், குமிழ் பருக்காமல் பூத்தண்டு விட்டுவிடும். ஆயினும் மெல்லிய நாற்றுகளுக்கு உறைபனி முழுவதும் விலகக் காத்திருக்கத் தேவையில்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் மண் கொத்தும் பதத்துக்கு வந்ததுமே நட்டுவிடலாம்.