"நீ ஏன் போனனி?" என்று கேட்கிற நேரத்தில கரையிற 72 மணித்தியாலம்

மல்லாவியிலயோ ஒட்டுசுட்டானிலயோ, பழகின பெடியன் பலாத்காரம் செய்துபோட்டான் என்று ஒரு பிள்ளை வீட்டில வாய் திறந்தால் முதல் வாற கேள்வி "நீ ஏன் போனனி?" ஏச்சில ஒரு நாள் போகும். அயலுக்குத் தெரியக்கூடாது என்ற யோசனையில மற்ற நாளும் போகும்.

அவசரக் கருத்தடை மாத்திரையை (லெவோநோஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம்) 72 மணித்தியாலத்துக்குள்ள குடிக்கவேணும். முட்டை வெளியேறுறதைப் பிற்போடுறதுதான் அதின்ர வேலை. அதாலதான் பிந்தப் பிந்தப் பலன் குறையுது. தங்கின கருவை அது கலைக்காது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72க்குள்ள தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்கவேணும். ஆறாம் வகுப்பில கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் போட்ட எச்.பி.வி. ஊசி கருத்தங்கிறதுக்கோ எச்.ஐ.வி.க்கோ காவல் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகமுதல் குளிக்க வார்க்காதேங்கோ. உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில வையுங்கோ. பொலித்தீன் பையில ஈரம் நின்று பூஞ்சணம் பிடிச்சால் தடயம் பழுதாகும். குளிச்சிட்டாள் என்றாலும் கூட்டிக்கொண்டு போங்கோ. சிகிச்சைக்குப் பொலிஸ் முறைப்பாடு முந்தி வேணும் என்றில்லை. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில வன்முறைக்கு ஆளானவைக்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கு.

கழுத்தை நெரிச்சானோ என்று தனியாக் கேளுங்கோ, பிள்ளை தானாச் சொல்லாது. வெளியில ஒரு அடையாளமும் இல்லாமலே உள்ளுக்குள்ள இரத்தக்குழாய் கிழிஞ்சிருக்கலாம். நாலைஞ்சு நாள் கழிச்சும் பாரிசவாதம் வரலாம். குரல் கம்முறது, விழுங்க நோகிறது, கண்ணில சிவப்புப் புள்ளி, அந்தநேரம் தன்னையறியாமல் சலம் போனது: இதில ஒன்று இருந்தாலும் அண்டைக்கே டொக்டரிட்டைக் காட்டுங்கோ. எனக்கு ஆகப் பயம் இதுதான். கன்னத்தில அறைஞ்ச தழும்பைப் பெரிசாப் பார்க்கிற நாங்கள் கழுத்தை விட்டுடுறம்.

பெடியன் போன் பாஸ்வேர்ட் கேட்கிறது, ரியூசன் முடிஞ்சு பத்து நிமிசம் பிந்தினால் இருபது கோல், பழைய படத்தைப் போட்டுடுவன் என்ற வெருட்டல். அடிக்கு முந்தி அநேகமா இதுகள்தான் வரும். மெசேஜை அழிக்கவேண்டாம், நம்பரும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. பிள்ளையின்ர படத்தை மட்டும் ஒருத்தருக்கும், 'ஆதாரம்' என்றும், அனுப்பாதேங்கோ.

"கட்டிவைப்பம்" என்று சமாதானம் பேசுற பெரியவைக்கு: 16 வயதுக்குக் கீழ சம்மதம் இருந்தாலும் சட்டத்தில அது பாலியல் வல்லுறவு, பொதுச் சட்டப்படி கலியாண வயது 18. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டம் கலியாணம் கட்டினவையையும், சேர்ந்து வாழுறவையையும், உறவினரையும்தான் சொல்லுது. காதலன் அதில இல்லை. ஆனபடியால் அந்தச் சட்டத்தில கோர்ட் குடுக்கிற பாதுகாப்புக் கட்டளைக்கு அலையாமல் பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் போங்கோ, இல்லையெண்டால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு எடுங்கோ. பிள்ளையே தனிய எடுக்கலாம்.