கறுப்பா இருந்தா இன்ஜின் ஆயில் செத்துப்போச்சா?

"ஆயில் கறுத்துடுச்சு சார், மாத்திடலாம்"னு டிப்ஸ்டிக்க உருவி மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு சர்வீஸ் அட்வைசர், பாத்தாலே பத்திக்கிட்டு வருது. யோவ், அது டீசல் வண்டிய்யா. புது ஆயில் ஊத்தி சென்னை டு திண்டிவனம் போய் வந்தாலே கறுக்கத்தான் செய்யும், கரி உள்ள படியாம தன்னோட இழுத்து வச்சுக்கத்தானே அதுல டிடர்ஜென்ட்டே போடுறான். இதுல ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சு பாத்து "வழவழப்பு போயிடுச்சு சார்"னு வேற. விரலா அது, ஆயிலோட கெட்டித்தன்மைய அளக்குற விஸ்காசிட்டி மீட்டரா?

ஆயில் மாத்த மேனுவல்ல 10,000 கிலோமீட்டர் இல்லனா ஒரு வருஷம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, இவங்க கண்ணாடியில ஒட்டுற ஸ்டிக்கர்ல மட்டும் 5,000. கேட்டா நம்ம ஊரு தூசியாம், வெயிலாம். சரி வாய்ச்சண்டை எதுக்குன்னு 7,000த்துல வண்டிய நல்லா சூடு பண்ணி நூறு மில்லி போல சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினேன். உள்ள தேஞ்சு ஆயில்ல கலந்த இரும்பு 31 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 31 பங்கு, செம்பும் ஈயமும் ஒத்த இலக்கம்தான், அப்ப பேரிங் பக்கம் பயமில்ல. டீசல் கலக்கல. அமிலத்த அடக்குற சக்தி, அதான் டிபிஎன், பாதிக்கு மேல மிச்சம். சிலிக்கான் மட்டும் 48, அது ஜாஸ்தி. சிலிக்கான்னா மண்ணு. புது இன்ஜின்னா இணைப்புல பூசுற சீலன்ட் பசையிலேர்ந்து வருதுன்னு விட்டுடலாம், என் வண்டி 60,000 தாண்டினது.

பானட்ட தூக்கி பாத்தா ஏர் ஃபில்டர் பெட்டியில ஒரு கிளிப் மாட்டவே இல்ல! போன சர்வீஸ்ல இவங்க கழட்டினதுதான். ஓரத்துல சந்து, ஃபில்டருக்கு அந்தப்பக்கம், சுத்தமா இருக்க வேண்டிய பக்கம், மூக்குப்பொடி மாதிரி செம்மண்ணு. இப்படியே விட்டுட்டு மாசாமாசம் ஆயில் மாத்தினாலும் பிஸ்டன் ரிங்கும் அது உரசுற சிலிண்டர் லைனரும் தேயத்தானே செய்யும்?

இதுக்காக சிந்தெடிக் ஆயில்தானேன்னு 20,000 கிலோமீட்டர் வரைக்கும் இழுக்குற மகராசங்க என் பக்கம் வராதீங்க. ஒரு ரிப்போர்ட்ட வச்சு ஒண்ணும் ஆகாது, மூணு நாலு சாம்பிள் எடுத்து ஆயிரம் கிலோமீட்டருக்கு இரும்பு எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும். பெருசா எதாச்சும் உடைஞ்சு விழுந்தா இந்த டெஸ்ட்ல சிக்கவும் சிக்காது.

ரிப்போர்ட்ட கொண்டுபோய் காட்டினேன். ஒரு வரி படிக்கல, "இதெல்லாம் லாரிக்காரங்க பண்றது சார், உள்ள கழுவுற இன்ஜின் ஃப்ளஷ் ஒண்ணு போட்டுடலாமா?"ங்கறாரு அட்வைசர்.

வீட்டுக்கு வந்து போன சர்வீஸ் பில்ல தேடி எடுத்தேன். ஏர் ஃபில்டர் கிளீனிங், லேபர் 150 ரூவா, ஜிஎஸ்டி தனி.