ஆறறிவுக்கு மார்க் போடறது யாரு?

எங்க சித்தி பொண்ணு மாசமா இருக்கா. பாலக்கோடு பக்கம் கட்டிக் குடுத்திருக்கோம், தக்காளி வெள்ளாமை பண்ற குடும்பம். ஸ்கேன்ல சந்தேகம் வந்து, பனிக்குடத் தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணதுல டவுன் சின்ட்ரோம்னு வந்துடுச்சு, புத்தி வளர்ச்சி மெதுவா இருக்கற பிறவிக் குறைபாடு அது. 21வது குரோமோசோம் நமக்கெல்லாம் ரெண்டு இருக்கும், அந்தப் புள்ளைக்கு மூணு இருக்குது. பாத்த டாக்டரம்மா அஞ்சு நிமிஷத்துல "கலைச்சிடலாம்மா, அடுத்தது நல்லா பொறக்கும்"னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். பொறந்தா எப்படி வளரும், இதயத்துல ஓட்டை இருந்தா ஆபரேஷன் பண்ணலாமா, நடக்குமா, பேசுமா, பள்ளிக்கூடம் போகுமா, ஒரு வார்த்தை இல்ல.

அடுத்தது நல்லா பொறக்கும். இத நான் சின்ன வயசுலயே கேட்டிருக்கேன். மூணாவதும் பொண்ணா பொறந்த வீட்டுத் திண்ணையில உக்காந்து கிழவிங்க சொன்ன அதே வார்த்தை. நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கு பொண் சிசுவக் கொல்ற ஊருன்னு பேரு இருந்துச்சு, மறைக்க ஒண்ணுமில்ல. 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தை திட்டத்த 2001ல தர்மபுரிக்கும் கொண்டு வந்தாங்க, அப்ப கிருஷ்ணகிரியும் நம்மகூடத்தான் இருந்துச்சு, 2004லதான் தனியா பிரிஞ்சது. கள்ளிப்பாலுக்கு பதிலா தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு ஒரு கவர்மெண்ட்டே கெஞ்ச வேண்டிய நிலைமைல இருந்த ஊரு இது. அப்புறம் கள்ளிப்பால் போயி ஸ்கேன் மிஷின் வந்துச்சு. மிஷின் புதுசு, கணக்கு பழசு, வேண்டாத உயிர் எதுன்னு மட்டும்தான் அது கேட்டுச்சு.

பொண்ணுன்னு சொல்லி கலைக்கக் கூடாது, ஆணா பொண்ணான்னு சொல்றதே குத்தம்னு 1994லயே சட்டம் போட்டாச்சு, ரொம்ப சரி. ஆனா 2021ல கருக்கலைப்பு சட்டத்த திருத்தினப்ப, கருவுல பெரிய குறைபாடுன்னு மெடிக்கல் போர்டு சொல்லிட்டா இத்தனை வாரத்துக்குள்ளங்கற வரம்பே கிடையாதுன்னு வச்சிருக்காங்க. பொழைக்கவே வழியில்லாத கரு, தாய் உயிருக்கே ஆபத்து, அதெல்லாம் வேற, அதுல நான் வாய் திறக்க மாட்டேன். டவுன் சின்ட்ரோம் அப்படி இல்லைங்க, நல்ல வைத்தியமும் கவனிப்பும் இருந்தா 60 வயசு வரைக்கும் வாழறவங்க இருக்காங்க. பொண்ணுங்கறதுக்காக கலைச்சா பாவம், புத்தி மட்டுங்கறதுக்காக கலைச்சா புத்திசாலித்தனமா?

வீட்ல ஒரு மாமா கேட்டாரு, மனுஷனுக்கு அழகே ஆறாவது அறிவுதானே, அதுவே சரியா இல்லாத புள்ளைய வச்சு என்ன பண்றதுன்னு. நான் சொன்னேன் மாமா, ஆறறிவுன்னு நம்ம பெரியவங்க சொன்னது மனுஷ ஜாதி மொத்தத்துக்கும், ஒவ்வொருத்தன் மண்டைக்கும் பரீட்சை வச்சு மார்க் போட்டுத் தர்றது இல்ல. அப்படிப் பாத்தா பக்கவாதத்துல படுத்துக் கெடந்தாரே உங்க அப்பா, கடைசி ரெண்டு வருஷம் யாரையுமே அடையாளம் தெரியாம இருந்தாரு, அவருக்கு நீங்க களி கரைச்சு ஊட்டினீங்களே, எதுக்குன்னு கேட்டேன். அவரு பேசல.

மாமா சொன்னதயே பெரிய படிப்பு படிச்சவங்களும் சொல்றாங்க. அமெரிக்காவுல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல பாடம் நடத்தின தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர், பச்சக் குழந்தைக்கு தன்னுணர்வு இல்ல, அதனால அதக் கொல்றதும் ஒரு ஆளக் கொல்றதும் ஒண்ணில்லன்னு வாதாடறவரு. மனுஷங்கறதுக்காக மட்டும் தனி மதிப்பு குடுக்கறது நிறவெறி மாதிரிங்கறது அவரு வாதம். ஓசூர்ல வேலை பாக்கற என் தம்பிகூட இதயேதான் சொல்வான், மனுஷனும் ஒரு மிருகம்தாண்ணேன்னு.

2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் வெள்ளாமை நெலத்துல போட்ட திருட்டு கரண்ட் வேலில அடிபட்டு 3 யானைங்க செத்துச்சே, தப்பிச்ச 2 குட்டிங்க அங்கயே சுத்திட்டு நின்னுச்சே, மறந்திருக்காது. யானை ராகிக் கொல்லைல எறங்கி மிதிச்சா யாரும் கேஸ் போடறதில்ல. வேலி போட்டவரு மேல கேஸ் போட்டாங்க. ஏன்? மனுஷனுக்கு மட்டும்தான் "செஞ்சிருக்கக் கூடாது"ன்னு ஒண்ணு இருக்கு. யானைய மனுஷன்தான் காப்பாத்தணும், யானைகிட்ட நாம அத கேக்க முடியாது. நானும் மிருகம்தான்னு சொல்லிட்டா அந்த 2 குட்டிக்கு யாரு பதில் சொல்றது? நியூயார்க்ல மிருகக்காட்சி சாலை யானை ஒண்ண சட்டப்படி ஆளா நடத்தணும்னு கேஸ் போட்டு, 2022ல கோர்ட் முடியாதுன்னுடுச்சு. எனக்கு யானை மேல பாசம் இல்லாம இல்ல, ஆனா அந்தத் தீர்ப்பு சரின்னுதான் சொல்வேன்.

உடனே அறிவியலுக்கு எதிரின்னு வராதீங்க. ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாகா ஒரு நாள் மைக்ரோஸ்கோப்ல மனுஷக் கருவப் பாத்துட்டு, இதுக்கும் என் பொண்ணுங்களுக்கும் எவ்ளோ கொஞ்ச வித்தியாசம்னு நெனச்சாராம், ஸ்டெம் செல்லுக்காக, அதாவது எந்த உறுப்பு செல்லாவும் மாறக்கூடிய செல்லுக்காக, கருவ அழிக்காம வேற வழி இருக்கணும்னு தேடினாரு. 2006ல எலித் தோல் செல்லயே ஸ்டெம் செல்லா மாத்திக் காட்டினாரு, அடுத்த வருஷம் மனுஷ செல்லுல, 2012ல நோபல். கூடாதுன்னு ஒரு கோடு மனசுல இருந்ததாலதான் அந்த வழியே கெடச்சுது.

என் தங்கச்சி இன்னும் முடிவு பண்ணல. அவள திட்டறதுக்கு இத எழுதல, ராத்திரியெல்லாம் தூங்காம கெடக்கறா. மாமியார் ஒண்ணு சொல்றாங்க, டாக்டர் ஒண்ணு சொல்றாங்க, அப்படி ஒரு புள்ளைய தூக்கி வளத்தவங்க யாரும் அவகிட்ட இதுவரைக்கும் பேசல. பாலக்கோடு, பென்னாகரம், காவேரிப்பட்டணம் இந்தப் பக்கம் டவுன் சின்ட்ரோம் புள்ளைய வளக்கறவங்க யாராவது இருந்தீங்கன்னா எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க. கஷ்டத்தையும் சேத்தே சொல்லுங்க, மறைக்க வேண்டாம். செவ்வாக்கிழமை திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க.