எழுதியவர் வேறு, எடுத்துச் சொன்னவர் வேறு

“சாம்பல் தூவிப் பட்ட மரம் பூத்த கதை ஜப்பானியக் கதையே அல்ல, வில்லியம் கிரிஃபிஸ் என்ற அமெரிக்கர் கற்பனையில் எழுதியது, பாடநூல் ஏமாற்றுகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 2025 வரை இருந்த ஏழாம் வகுப்பு என்சிஇஆர்டி ஆங்கிலப் பாடநூலான ‘ஹனிகோம்ப்’பில் அது நான்காவது பாடமாக இருந்தது. அதில் எழுதியவர் பெயர் கிரிஃபிஸ் என்று இருந்ததுதான் குழப்பத்துக்குக் காரணம் போலும். 1870களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஆசிரியராக இருந்தவர் அவர். கதையை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

ஜப்பானில் இதன் பெயர் ‘ஹனாசாகா ஜீசான்’, பூ மலர்த்தும் தாத்தா. பிரிட்டிஷ் தூதரகத்தில் பணியாற்றிய மிட்ஃபர்ட் 1871இலேயே இதே கதையைத் தமது ஜப்பானியக் கதைத் தொகுப்பில் அச்சேற்றிவிட்டார். நாய் காட்டிய இடத்தில் பொன், பொறாமைக்காரன் கையில் நாயின் சாவு, அதைப் புதைத்த இடத்து மரத்தில் கடைந்த உரல், அவன் எரித்த அந்த உரலின் சாம்பல், அதில் பூத்த செர்ரி: எல்லாம் அதிலும் உண்டு. 1901இல் ஜப்பானியச் சிறுவர் பாட்டாகவும் வந்தது. அதில் நாயின் பெயர் போச்சி. நம் வீட்டு மணி மாதிரி!

கிரிஃபிஸின் நடை பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கும் அது கொஞ்சம் நீட்டல்தான். கதையை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள்.