தேனைச் சோதித்தவர்கள் சோதனையையும் சோதித்தார்கள்

சுத்தமான தேனைக் கண்டுபிடிக்க நம் வீடுகளில் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறோம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய்த் தங்க வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டால் மறுபக்கம் ஊறக் கூடாது, நாய் முகர்ந்துவிட்டு நக்காமல் போக வேண்டும். சர்க்கரைப் பாகைத் தேனின் பதத்துக்கே காய்ச்சிக் கலக்கத் தெரிந்தவரிடம் இவை எதுவும் செல்லாது. கெட்டியான பாகும் தண்ணீரில் அடியில்தான் போய் நிற்கும். ஆகவே, படித்தவர்கள் "ஆய்வகச் சான்று இருக்கிறதா?" என்று கேட்கப் பழகினோம். அந்தச் சான்றிடமே கேள்வி கேட்ட ஒரு புலனாய்வைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தேன் கலப்படம் பற்றிய தன் ஆய்வை வெளியிட்டது. சுனிதா நாராயண் தலைமையிலான இம்மையமும் அதனோடு இணைந்த 'டவுன் டு எர்த்' இதழும் சேர்ந்து செய்த வேலை அது. பலரும் நினைப்பதுபோல அது ஆய்வகத்தில் தொடங்கவில்லை. ஒரு கணக்கு இடித்ததில் தொடங்கியது. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்லி மக்கள் முன்னெப்போதையும்விட அதிகமாகத் தேன் வாங்கினார்கள். அதே நேரத்தில் வட இந்தியத் தேனீ வளர்ப்போர் தங்களுக்கு வருமானம் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். விற்பனை ஏறும்போது உற்பத்தி செய்பவருக்கு விலை ஏன் கிடைக்கவில்லை? இடையில் வேறு ஏதோ ஒன்று தேனாக விற்கப்பட்டால்தான் இந்தக் கணக்கு நேராகும்.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், கோல்டன் சிரப், இன்வர்ட் சுகர் சிரப், அரிசிப் பாகு ஆகியவை தேனில் கலக்கப்படலாம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. அந்தப் பெயர்களில் எவ்வளவு இறக்குமதியானது என்று தேடியபோது ஒன்றும் தட்டுப்படவில்லை. பெயரை விட்டுவிட்டு, சீன வணிகத் தளங்களில் விற்பவர்கள் தங்கள் சரக்கை எப்படி விளம்பரப்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். தேன் சோதனைகளில் பிடிபடாத பாகு என்று வெளிப்படையாகவே விளம்பரம் இருந்தது. சரக்கின் பெயர் ஃப்ரக்டோஸ் சிரப். அந்தப் பெயரை வைத்து வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுகளைத் துழாவியபோது சரக்கு கண்ணில் பட்டது. தரவு இதழியல் என்றால் வண்ண வண்ண வரைபடம் என்று நம் ஊடகங்களில் ஓர் எண்ணம் இருக்கிறது. எந்தப் பெயரில் தேட வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் அதன் பாதி உழைப்பு போகிறது.

பிறகு சோதனை. 13 நிறுவனங்களின் தேன் குஜராத்தின் ஆனந்த் நகரில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் ஆய்வகத்துக்குப் போனது. கரும்பும் மக்காச்சோளமும் கரியமில வாயுவைச் சர்க்கரையாக்கும் முறை வேறு. தேனீக்கள் நாடும் பெரும்பாலான பூச்செடிகளின் முறை வேறு. முன்னதை சி4 என்றும் பின்னதை சி3 என்றும் அழைப்பார்கள். இரண்டிலும் கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் வேறுபடும் கார்பன் அணுக்களின், விகிதம் வேறுபடுவதால் தேனில் கரும்புச் சர்க்கரை சேர்ந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். நெல்லும் பீட்ரூட்டும் பூச்செடிகளின் பக்கம் நிற்பவை என்பதால் அவற்றின் பாகைப் பிடிக்க வேறு சோதனைகள் வேண்டும். அவற்றையும் ஏமாற்றும்படி பாகு தயாரிக்க ஆள் இருக்கிறார்கள். ஆனந்தில் நடந்தது எனக்கு ஒரு கசப்பான வேடிக்கை: பெரிய நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாம் தேறின, கரும்புச் சர்க்கரையைக் கலந்த சில சிறிய நிறுவனங்கள் மட்டும் மாட்டிக்கொண்டன. பழைய வித்தைக்காரர்தான் பிடிபட்டார்.

அதே நிறுவனங்களின் மாதிரிகள் ஜெர்மனியில் உள்ள சிறப்பு ஆய்வகம் ஒன்றுக்குச் சென்றன. அங்கே, காந்தப் புலத்தில் வைத்துத் தேனின் மூலக்கூறுகளை அடையாளம் காணும் அணுக்காந்த ஒத்ததிர்வு முறையில், அதாவது என்.எம்.ஆர். சோதனையில், 13 நிறுவனங்களில் 10 தோற்றன. எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் 22 மாதிரிகளில் 5 மட்டுமே தேறின.

சாதாரணமாக ஒரு செய்தியாளர் இங்கே நிறுத்தி முதல் பக்கத்துக்கு அனுப்பியிருப்பார். இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விதமாகச் சொன்னால் எதை நம்புவது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருந்திருக்காது. இவர்கள் அந்தக் கேள்விக்கும் விடை தேடினார்கள். வாங்குபவர்கள்போல நடித்துச் சீன நிறுவனத்திடம் பாகு கேட்டார்கள். சுங்கத்தில் சிக்காமல் இருக்க அது 'பெயிண்ட் பிக்மென்ட்' என்ற பெயரில் வந்து சேர்ந்தது. உத்தராகண்டின் ஜஸ்பூரில் இதே வகைப் பாகு தயாரிக்கும் ஆலை இருப்பதையும், தொழிலில் அதற்கு 'ஆல் பாஸ்' என்று சங்கேதப் பெயர் வழங்குவதையும் கண்டறிந்து அங்கிருந்தும் மாதிரி வாங்கினார்கள். சுத்தமான தேனில் தாங்களே அந்தப் பாகைக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பாதிக்குப் பாதி பாகு கலந்த மாதிரியும் இந்தியத் தர விதிகளின்படி தேன் என்று தேறி வந்தது. என்ன கலந்திருக்கிறது என்பதைக் கலந்தவரே அறிந்த மாதிரி அது. அதைக்கூடக் கருவி தவறவிட்டது என்றால் அந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பதில் விவாதமே இல்லை. இந்தப் புலனாய்வின் உயிர்நாடி ஜெர்மன் ஆய்வக முடிவைவிட இதுதான் என்பது என் கருத்து.

நிறுவனங்கள் மறுத்தன, இந்தியச் சட்டம் கேட்கும் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறியிருக்கிறோம் என்றன. அது பொய்யல்ல, சட்டம் கேட்டது போதாது என்பதுதானே குற்றச்சாட்டு! ஏற்றுமதியாகும் தேனுக்கு 2020 ஆகஸ்ட் 1 முதல் என்.எம்.ஆர். சோதனையை அரசே கட்டாயமாக்கியிருந்த நிலையில், உள்ளூர்க்காரர் சாப்பிடும் தேனுக்கு அது வேண்டாம் என்பதை எப்படி நியாயப்படுத்துவது? என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்.எம்.ஆர். முறை, உண்மையான தேன்களின் தரவுத்தொகுப்போடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொல்கிறது. அந்தத் தொகுப்பில் நம் நாட்டுத் தேன் வகைகள் எவ்வளவு இருக்கின்றன என்று கேட்பது நியாயமான கேள்வி. அதேபோல, 22 மாதிரிகளில் 17 தோற்றதை 77 சதவீதம் என்று எழுதலாம். இந்தியாவில் விற்கும் தேனில் 77 சதவீதம் போலி என்று எழுதக் கூடாது.

சோதனையில் கவனம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2015-இல் மேகி நூடுல்ஸுக்கு நேர்ந்ததைப் பார்க்கலாம். ஈயம் அதிகம் என்று உணவு ஆணையம் ஜூன் மாதம் தடை விதித்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் தரப்பைக் கேட்கவில்லை என்பவை காரணங்கள். அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுபடி சோதித்தபோது ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. அரசு அமைப்புக்கே இந்தக் கதி என்றால், ஒரு பத்திரிகை இப்படிச் சறுக்கினால் வழக்குச் செலவிலேயே மூடிவிட வேண்டியதுதான்.

தமிழ் ஊடகங்களில் இத்தகைய வேலை அரிதாக இருப்பதற்குப் பணம் மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. கேமராவோடு கடைக்குப் போய்ப் பொருளைத் தூக்கிக் காட்டி "அதிர்ச்சித் தகவல்" என்பதற்கும் செலவு ஆகத்தான் செய்கிறது. வாங்கிய ரசீது, தொகுப்பு எண், முத்திரையிட்ட நேரம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதிவைப்பதற்குப் பொறுமைதான் வேண்டும். உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு மாதிரியை எடுத்தால் நான்கு பங்காக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நிறுவனம் கேட்டால் அதில் ஒன்று அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போகும். பத்திரிகைகளை அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் முத்திரை உடையாத ஒரு பங்கை அலுவலகத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு, செய்தி அச்சேறுவதற்கு முன்பே அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, "வேண்டுமானால் இதை நீங்களும் சோதித்துக்கொள்ளலாம்" என்று சொல்லக்கூடிய ஆசிரியர் குழுவின் செய்தியைத்தான் நான் நம்பிப் பகிர்வேன்.